கோழியின் இருதயத்தில் சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளை: யூரிக் அமிலம் சிறுநீரகத்தில் எங்கே தடைப்படுது?

நிலாவெளி_கூடு:

வணக்கம். லேயர் (முட்டைக்கோழி) இளம்பேடுகள் 180 நிக்குது, வயசு 11 கிழமை. இந்தக் கிழமைக்குள்ள 9 செத்துப்போச்சு. சாக முன்னம் பெரிய குணங்குறி ஒண்டும் இல்லை. கூனிக்கொண்டு ஒதுங்கி நிக்கும், கால்தோல் வற்றிச் சுருங்கியிருக்கும், எச்சம் தண்ணியாயும் வெள்ளை கூடுதலாயும் போகும், விடிய கிடக்கும். மூண்டைக் கீறிப் பார்த்தன். மூண்டிலும் இருதய உறையிலயும் ஈரல் மேலயும் வெள்ளைத் தூள் பூசினமாதிரி. சிறுநீரகம் வீங்கி வெளிறி, அதுக்குள்ள வெள்ளை நூல் ஓடினமாதிரிக் கோடுகள்.

தீன்: குரோவர் (வளர்ற பேட்டுக்கான தீன்) கிடைக்காததால 8ஆம் கிழமையில இருந்து குரோவர் பாதி, லேயர் தீன் பாதி. வளர்த்திக்கு எண்டு 100 கிலோவுக்கு 5 கிலோ கருவாட்டுத் தூள். தண்ணி கிணத்தில இருந்து தகரக்கூரைக்கு மேல இருக்கிற கறுப்புத் தாங்கிக்கு ஏறி, நிப்பிளுக்கு (கோழி கொத்திக் குடிக்கிற குழாய் முனை) வருது. கச்சான் காத்து தொடங்கினதால தண்ணியில அப்பச்சோடா போடச் சொன்னாங்கள், போடுறன். அன்ரிபயோற்றிக் ஒண்டும் குடுத்தாச்சு. சாவு நிக்கேல்ல.

வெள்ளை யூரிக் அமிலம் எண்டு தெரியும். கரையாத ஒரு பொருள் சாதாரணமாய் சிறுநீரகத்துக்குள்ளால எப்படி அடைக்காமல் வருது, இப்ப மட்டும் ஏன் அடைக்குது எண்டதுதான் விளங்கேல்ல. அது விளங்கினால் எதை முதலில மாத்திறது எண்டு தெரியும்.

கன்னியா_மிருகவியல்:

கேள்வியைச் சரியான இடத்தில பிடிச்சிருக்கிறீங்கள் தம்பி. கொஞ்சம் நீளமாய்த்தான் சொல்ல வேணும்.

முதலில் அளவு. புரதத்தில் நைதரசன் ஏறத்தாழ 16 வீதம். முட்டையிடும் பேடு ஒன்று 17 வீதப் புரதமுள்ள தீன் 110 கிராம் தின்றால் நாளுக்கு 3 கிராம் நைதரசன் உள்ளே போகிறது. முட்டைக்குப் போவதையும் சமிக்காமல் எச்சத்தில் போவதையும் கழித்தால் ஒன்றரைக் கிராமுக்குக் கிட்ட மிஞ்சும். அதில் பெரும்பங்கு யூரிக் அமிலமாகவே வெளியேற வேண்டும். யூரிக் அமிலத்தின் நிறையில் மூன்றில் ஒரு பங்குதான் நைதரசன். ஆகவே நாளுக்கு மூன்று, நாலு கிராம் யூரிக் அமிலம். ஒரு லீற்றர் தண்ணீரில் கரைவதோ 60 மில்லிகிராம் அளவில்தான். கரைத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டுமென்றால் ஒரு பேடு தினமும் 50 லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும்! அது கால் லீற்றர் குடித்துச் சமாளிக்கிறது என்றால், கரைக்காமல் அனுப்ப வேறு ஏற்பாடு இருக்கிறது.

யூரிக் அமிலம் ஈரலில் செய்யப்படுகிறது. பறவைக்கு எங்களைப்போல முழு யூரியா வட்டம் கிடையாது, யூரிக் அமிலத்தை மேலும் உடைக்கும் நொதியமும் கிடையாது. (புறா வளர்ப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு: புறாவின் ஈரலில் கடைசிப் படிக்குரிய நொதியம் இல்லை. அது ஹைப்போக்சாந்தைனாக இரத்தத்தில் போய் சிறுநீரகத்தில்தான் யூரிக் அமிலமாகும்.) ஈரலில் இருந்து இரத்தத்தில் யூரேற்று (யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம்) அயனாக வருகிறது. இரத்தத்தில் கரைந்து நிற்கக்கூடியது 100 மில்லிலீற்றருக்கு 7 மில்லிகிராம் அளவில். நல்ல கோழியின் இரத்தமே அந்த எல்லையை ஒட்டித்தான் ஓடுகிறது, ஆகவே சிறுநீரகம் ஓய்வில்லாமல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்படி எடுக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் நடு. எங்கள் சிறுநீரகத்தில் யூரியா கலன்கோளத்தில் (இரத்தத்தை வடிக்கும் நுண்குழாய் முடிச்சு) வடிந்து போகிறது. கோழியில் யூரேற்றின் சிறு பங்குதான் அப்படி வடிகிறது. 80 முதல் 90 வீதம் வரை அண்மைச் சிறுகுழாயின் (கலன்கோளத்தை அடுத்து வரும் நுண்குழாய்) கலங்கள் இரத்தத்தில் இருந்து பிடித்து, குழாயின் உள்ளே சுரந்து தள்ளுகின்றன. இரத்தப் பக்கச் சவ்வில் ஓ.ஏ.ரீ. 1, ஓ.ஏ.ரீ. 3 என்னும் காவிப் புரதங்கள் நிற்கின்றன. கலத்துக்குள் இருக்கும் ஆல்பா கீற்றோகுளூட்டாரேற்றை வெளியே விட்டு, மாற்றாக யூரேற்றை உள்ளே எடுக்கும். குழாய்ப் பக்கச் சவ்வில் எம்.ஆர்.பி. 4 என்ற காவி ஏ.ரீ.பி. என்னும் கலத்தின் சக்திப்பொருளைச் செலவழித்து வெளியே ஏற்றும். இது சக்தி கேட்கும் வேலை, அந்தக் கலம் உயிரோடு திடமாக இருக்க வேண்டும். காளான் நஞ்சு தாக்குவது பெரும்பாலும் அந்தக் கலத்தைத்தான்.

அந்தக் கலங்களுக்கு இரத்தம் இரண்டு வழியால் வருகிறது. ஒன்று நாடி. மற்றது சிறுநீரக வாயினாளம்: காலில் இருந்தும் வாற்பக்கத்தில் இருந்தும் திரும்பும் நாள இரத்தம் சிறுநீரகத்துக்குள் புகுந்து சிறுகுழாய்களைச் சுற்றிப் போகும். இது கலன்கோளத்துக்குப் போவதில்லை. பொது இலியாக் நாளத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அது மூடினால் இரத்தம் சிறுநீரகத்துக்குள் திரும்பும், திறந்தால் நேரே இருதயத்துக்குப் போகும். பறவை பயந்து ஓடும்போது அதிரனலின் அதைத் திறந்துவிடும்.

இனி அடைப்பு. கோழிச் சிறுநீரகத்தின் சிறுநீரகத்திகளில் (கலன்கோளமும் சிறுகுழாயும் சேர்ந்த வடிகட்டும் அலகுகள்) பெரும்பாலானவை ஊர்வன வகை, கென்லே தடம் என்னும் வளைந்த குழாய்ப்பகுதி இல்லாதவை. தண்ணீர் குறைந்தால் மூளையடிச் சுரப்பியில் இருந்து வரும் வாசோரொசின் ஓமோன் இந்த ஊர்வன வகைகளுக்கு வரும் நாடியை இறுக்குகிறது. வடிதல் குறைகிறது, தண்ணீர் மிச்சமாகிறது. ஆனால் யூரேற்றுச் சுரப்பு வாயினாளத்து இரத்தத்தால் தொடர்ந்து நடக்கிறது. சாமான் ஏற்றுவது நிற்கவில்லை, தள்ளிப்போகத் தண்ணீர்தான் இல்லை. நீங்கள் கண்ட வெள்ளை நூல்கள் அப்படித் தேங்கி நின்ற சிறுகுழாய்களும் சேர்குழாய்களும்.

நல்ல காலத்தில் அடைக்காததற்குக் காரணம்: யூரேற்று ஊசிப் பளிங்காகப் படிவதில்லை. புரதத்தோடும் சோடியம், பொற்றாசியத்தோடும் சேர்ந்து மைக்ரோமீற்றர் அளவான உருண்டைகளாகிறது. உருண்டை உருண்டு போகும், ஊசி குத்திக்கொண்டு நிற்கும். சேர்குழாயும் சிறுநீர்க்குழாயும் சளி சுரந்து வழுக்கிவிடும். சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீர் நேரே எச்சமும் முட்டையும் வரும் பொது அறைக்கு வந்து, பின்புறமாகக் குடலுக்குள் தள்ளப்படும். பெருங்குடலும் குருட்டுக்குடலும் அங்கே தண்ணீரையும் உப்பையும் உருண்டைகளில் இருந்த புரதத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். எச்சத்தின் மேல் இருக்கும் வெள்ளைத் தொப்பி அதன் மிச்சம்.

ஆக, அடைப்பு வர மூன்று வழி: தள்ளத் தண்ணீர் போதாமை, சுரக்கும் கலம் சேதமாதல், குழாயின் உள்தோல் கெடுதல். மூன்றாவதற்கு நல்ல உதாரணம் விற்றமின் ஏ குறைபாடு. சளி சுரக்கும் தோல் தடித்த செதில் தோலாக மாறி, சிறுநீர்க்குழாய் தானாகவே அடைத்துக்கொள்ளும். வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் அளவு ஏறினால் இருதய உறை, ஈரல் மேற்பரப்பு, காற்றுப்பை என்று வழுக்கலான சவ்வுகளில் படிகிறது. அதுதான் உள்ளுறுப்புக் கவுட்.

படிவு அழற்சி இல்லாமல் காய்ந்த சுண்ணாம்பாக இருந்தால் கவுட். மஞ்சளாய், உரித்தால் தோல்போல வருகிற படலம் என்றால் ஈ. கோலைக் கிருமியை நினையுங்கோ. விரலில் எடுத்து உரசிப் பாருங்கோ, மணலாக உறுத்தினால் யூரேற்று.

கிண்ணியா_தீன்:

மேல சொன்னதுக்கு ஒண்டும் கூட்ட இல்லை. உங்கட தீனைக் கணக்குப் பார்த்திட்டு வாறன், காரணம் அதிலயே கிடக்குது.

குரோவரில கல்சியம் ஏறத்தாழ 1 வீதம், லேயரில 4 வீதம். பாதிக்குப் பாதி எண்டால் 2.5 வீதம். 11 கிழமைப் பேடு நாளுக்கு 60, 65 கிராம் தின்னும், அப்ப ஒண்டரைக் கிராமுக்கு மேல கல்சியம். தேவை அதில பாதியும் இல்லை. முட்டையிடுற பேடு எண்டால் ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல போயிடும். இதுக்கு முட்டை இல்லை, எலும்பு எடுக்கிறதுக்கும் ஒரு அளவு. உறிஞ்சுப்பட்ட மிச்சம் சிறுநீரகத்தால போகவேணும். கல்சியம் கூடினால் சிறுநீர் காரமாகும், யூரேற்றும் கல்சியமும் சேர்ந்து கல் கட்டும். பொசுபரசு குறைவான தீன் எண்டால் இன்னும் மோசம்.

ரெண்டாவது கருவாட்டுத் தூள். புரதத்தைப் பற்றித்தான் எல்லாரும் பயப்பிடுவினம். நல்ல சிறுநீரகத்தைப் புரதம் மட்டும் லேசில கெடுக்காது. கெடுக்கிறது உப்பு. கருவாட்டில உப்பு 15 வீதம் எண்டு வைச்சால், 5 கிலோவால 100 கிலோத் தீனுக்கு முக்கால் கிலோ உப்புச் சேருது. தீனில ஏற்கெனவே 0.3 வீதம் இருக்கும். எல்லாம் சேர்த்து 1 வீதத்துக்கு மேல, மூண்டு மடங்கு. புறாத்தீவுப் பக்கம் பறக்கிற ஆலாவுக்குக் கண்ணுக்கு மேல உப்புச் சுரப்பி இருக்கு, மூக்கால உப்பை விட்டிடும். கோழிக்கு அது இல்லை, எல்லாம் சிறுநீரகத்தின்ர தலையில.

மூண்டாவது அப்பச்சோடா. முட்டையிடுற கோழிக்கு வெக்கையில ஓடு மெலியாமல் குடுக்கிற சாமான் அது. உங்கட பேடு முட்டையிடேல்ல. ஏற்கெனவே காரமான சிறுநீரை இன்னும் காரமாக்கி, சோடியத்தையும் கூட்டிறீங்கள். இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

தண்ணியை அளந்து போடுங்கோ: டி.டி.எஸ். (ஒரு லீற்றரில கரைஞ்சிருக்கிற உப்பு வகை, மில்லிகிராமில) எத்தினை, கடைசி நிப்பிளில ஒரு நிமிசத்துக்கு எத்தினை மில்லி, பின்னேரம் 2 மணிக்குத் தாங்கித் தண்ணியின்ர சூடு எவ்வளவு.

நிலாவெளி_கூடு:

நன்றி. அளந்தாச்சு. டி.டி.எஸ். 2,400. முதல் நிப்பிளில நிமிசத்துக்கு 65 மில்லி, கடைசியில 20. தண்ணி 38 பாகை. நிப்பிள் 15 இருக்கு. கருவாடு உப்புப் போட்டு உலர்த்தினதுதான், கழுவேல்ல.

ரெண்டு கேள்வி. தண்ணியில சர்க்கரை (வெல்லம்) கரைச்சுக் குடுக்கச் சொல்லி ஒருவர் சொல்றார். இன்னொருவர் காலில ஜென்ராமைசின் ஊசி அடிக்கச் சொல்றார். எது சரி?

தம்பலகாமம்_பேடு:

சர்க்கரை நானும் சொல்லுவன். லீற்றருக்கு 5 கிராம், மூண்டு நாள். பொற்றாசியம் கிடைக்கும், சிறுநீர் பெருகும், குஞ்சுகள் ஆசையாய்க் குடிக்கும். பனங்கட்டி எண்டாலும் சரி. மருந்து எண்டு நினைக்காமல் கூடக் குடிக்க வைக்கிற சாமான் எண்டு நினைச்சுக் குடுங்கோ. பின்னேரம் மிச்சத்தை ஊத்திப்போட்டுக் குழாயைக் கழுவ வேணும். இல்லாட்டில் குழாய்க்குள்ள பாசி மாதிரி வழுக்கல் கட்டி நிப்பிளும் அடைக்கும், பிறகு அதுதான் பெரிய பிரச்சினை.

சோடா நிண்ட பிறகு, சர்க்கரை குடுக்காத நாளில வினாகிரி லீற்றருக்கு 1 முதல் 2 மில்லி வைக்கலாம். ரெண்டையும் ஒண்டாய்ப் போடாதீங்கோ. நாகம் பூசின தகர வாளியில வினாகிரி கலக்கவும் வேண்டாம், பிளாஸ்ரிக்கில கலவுங்கோ.

ஊசி வேண்டாம்.

கன்னியா_மிருகவியல்:

ஊசியைப் பற்றித் தம்பலகாமத்தார் சொன்னது சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காலில் அடிக்கும் மருந்து வாயினாளத்தால் நேரே சிறுகுழாய்களுக்குப் போகக்கூடும். வால்வு எந்த நேரம் திறக்கும், எந்த நேரம் மூடும் என்று சொல்ல முடியாததால் எவ்வளவு போகும் என்பதும் நிச்சயமில்லை. சாதாரண மருந்தில் இந்த வித்தியாசம் பெரிதாக இராது, புத்தகங்கள் சிலது கூட்டித்தான் சொல்கின்றன. ஜென்ராமைசின் அப்படியல்ல. அது சிறுகுழாய்க் கலத்தையே கெடுக்கும் மருந்து. கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு, கெடுக்கும் மருந்தை, கிட்டின வழியால் ஏற்றுவதில் என்ன நியாயம்? பறவைக்கு ஊசி அடிக்க வேண்டி வந்தால் எப்போதும் நெஞ்சுத் தசையில் அடியுங்கோ. கவுட் கிருமி நோயில்லை. வேறு தொற்று உண்டென்று கால்நடை வைத்தியர் உறுதிசெய்தால் மட்டும் அன்ரிபயோற்றிக், அதுவும் அவர் சொல்லும் மருந்து.

வலிநீக்கி மாத்திரைகளையும் சேர்த்தே சொல்கிறேன். டைக்குளோபெனக் கொடுத்த மாட்டின் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கூட்டமாகச் செத்தது இதே உள்ளுறுப்புக் கவுட்டால்தான். 2004இல் காரணம் வெளிவந்தது, 2006இல் இந்தியா மிருக வைத்தியத்தில் அதைத் தடைசெய்தது. கோழிக்கு அதைக் கரைத்து ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கோ.

கிண்ணியா_தீன்:

உங்கட அளவுகளுக்கு வருவம்.

நிப்பிள் எண்ணிக்கை காணும், 12 கோழிக்கு ஒண்டு. கடைசிப் பக்கம் 20 மில்லி எண்டுறதுதான் பிழை, அது 60க்குக் கிட்ட வரவேணும். குழாயில உப்பு, சுண்ணாம்பு படிஞ்சிருக்கும், அல்லது தாங்கி உயரம் போதாது. முதலில கடைசி மூடியைக் கழட்டித் தண்ணியை வேகமாய் ஓடவிடுங்கோ. பிறகு வினாகிரித் தண்ணியை ராவு முழுக்கக் குழாயில நிப்பாட்டி, விடிய ஓடவிட்டு, திரும்ப அளவுங்கோ. அப்பவும் ஏறாட்டில் அந்தப் பக்க நிப்பிளை மாத்துங்கோ. செத்ததுகள் கூட்டின்ர எந்தப் பக்கம் கிடந்தது எண்டு பாருங்கோ, கடைசிப் பக்கம் எண்டால் கேள்வியே இல்லை.

சூடு 38 எண்டால் கோழி வாய் வைச்சிட்டு விட்டிடும். தாங்கிக்கு மேல கிடுகுப் பந்தல், வெயில் படுற குழாய்க்கு ஈரச் சாக்கு. மத்தியானம் 12க்கும் 2க்கும் ஒருக்கால் குழாய்த் தண்ணியை வெளிய விட்டுப் புதுத் தண்ணி எடுங்கோ. 180க்கும் சேர்த்துக் கச்சான் காலத்தில நாளுக்கு 40, 45 லீற்றர் போகவேணும். தாங்கியில கோடு கீறி அளந்தால் குறையிறது அண்டைக்கே தெரியும்.

டி.டி.எஸ். 2,400 எண்டது கோழியைக் கொல்லாது. 1,000க்குள்ள எண்டால் நல்லம், 3,000க்கு மேல எண்டால் கோழிக்கு உதவாது, நீங்கள் நடுவில. ஆனால் 150 மில்லி மட்டும் குடிச்சாலும் அதாலயே 0.36 கிராம் உப்பு வகை உள்ள போகுது, கருவாட்டு உப்புக்கு மேல அது. ஒரு மாதத்துக்காவது பவுசர்த் தண்ணியோ குழாய்த் தண்ணியோ பாதிக்குப் பாதி கலவுங்கோ. குளோரீன் மணத்தால குடி குறையுதோ எண்டும் பாருங்கோ.

தீன்: லேயரை நேராய்ப் போடுறதை முழுக்க வெட்டுங்கோ. குரோவர் வாறவரைக்கும் இருக்கிற லேயரோட சோளம், தவிடு கலந்து கல்சியத்தை இறக்கிறதெண்டால் லேயர் 1 பங்கு, சோளக்குறுணல் 2 பங்கு, தவிடு 1 பங்கு. கல்சியம் 1 வீதத்துக்கு வந்திடும். புரதம் 12 வீதமளவில விழும். அஞ்சாறு நாளைக்குப் பரவாயில்லை, சிறுநீரகத்துக்கு அது ஓய்வும்கூட. அதுக்கு மேல இழுக்கக் கூடாது, வளர்த்தி நிண்டிடும். சோளத்தைக் கையில அள்ளி மணந்து பாருங்கோ. மாரிக்கு நனைஞ்சு பூஞ்சணம் பிடிச்ச சோளத்தில ஓக்கிராரொக்சின் எண்ட காளான் நஞ்சு இருந்தால் அதுவும் நேரே சிறுநீரகத்துக்குத்தான். முருங்கை இலை தினமும் தூவுங்கோ, விற்றமின் ஏக்கு.

லேயர் தீனுக்கு மாத்திற நேரம்: 16ஆம் கிழமைக்குப் பிறகு, முதல் முட்டைக்கு ரெண்டு கிழமை முன்னம் 2 முதல் 2.5 வீதக் கல்சியம். முட்டை தொடங்கினாப் பிறகு 4. சிப்பியைத் தூளாய் அரைக்காமல் நொறுக்கலாய் வையுங்கோ, தூள் ஒரேயடியாய் உறிஞ்சுப்படும்.

நிலாவெளி_கூடு:

விளங்குது. செத்ததுகள் எல்லாம் கடைசிப் பக்கம்தான் கிடந்தது. மிச்சம் நிக்கிறது முட்டைக்கு வருமா, இப்பவே இறைச்சிக்குக் குடுக்கிறதா?

கன்னியா_மிருகவியல்:

உடனே விற்க வேண்டாம். நல்லா நிற்கும் பேடுகளில் பெரும்பாலானது முட்டைக்கு வரும். ஆனால் அழிந்த சிறுநீரகத்தி திரும்ப முளைக்காது. மிச்சம் இருப்பவை பெருத்து அந்த வேலையைப் பங்குபோடும். சுரப்பால் போகிற கழிவு என்பதால் சிறுநீரகத்தில் பெரும்பகுதி கெடும்வரை இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறுவதே தெரியாது, வெளிப்பார்வைக்கும் ஒன்றும் இராது. உச்ச முட்டைக் காலத்தில், கொண்டை சிவந்து நிற்கிற பேடு ஒன்று திடீரென்று செத்தால் கீறிப் பாருங்கோ. ஒரு பக்கச் சிறுநீரகம் சுருங்கிச் சப்பையாய், மற்றது பெருத்து, சிறுநீர்க்குழாயில் வெள்ளைக் கல் இருந்தால் அது இந்த 8ஆம் கிழமைத் தீனின் கணக்கு. அப்போது புதிய நோய் வந்துவிட்டதென்று மருந்து தேட வேண்டாம்.

தும்மல், மூச்சு இழுப்பு முன்னர் இருந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. தொற்று மூச்சுக்குழாய் அழற்சி வைரசில் சிறுநீரகத்தைத் தாக்கும் வகைகள் உண்டு, தண்ணீரும் தீனும் சரியாக இருந்தாலும் கவுட் வரும். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கோ. தண்ணீரையும் தீனையும் திருத்தி நாலைந்து நாளில் சாவு குறையாவிட்டால் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மாதிரி கொடுங்கோ.

கொடுக்கும்போது ஒன்று: புதிதாய்ச் செத்த பேடு என்றால் முழுதாக, ஐஸ் போட்டுக் கொண்டுபோகலாம். துண்டாக வெட்டி அனுப்புவதென்றால் ஒரு துண்டைப் போமலினிலும் இன்னொன்றைச் செறிந்த அற்ககோலிலும் போடச் சொல்லுங்கோ. போமலின் தண்ணீர் யூரேற்றைக் கரைத்துவிடும். நுணுக்குக்காட்டிக் கண்ணாடியில் பளிங்கு இருந்த இடம் வெறும் ஓட்டையாகத்தான் தெரியும்.

நிலாவெளி_கூடு:

தும்மல் இல்லை. சோடா நிப்பாட்டியாச்சு, கடைசி மூடி கழட்டினதும் வெள்ளைச் செதில் செதிலாய் வந்தது. வினாகிரித் தண்ணி இண்டைக்கு ராவு குழாயில நிக்கும். நாளைக்கு அளந்து போடுறன்.